வாவிப் படகுக்கு இருக்கையும் உயிர்காப்புச் சாமானும்: நாள்பட்ட பாவனையில் எது நின்றது, எது போனது

மட்டக்களப்பு வாவியில் கல்லடியிலிருந்து முகத்துவாரம் வரையும், தெற்கே மண்டூர்ப் பக்கமும் ஆட்களை ஏற்றி ஓடும் 18 அடி ஃபைபர் படகு, 25 குதிரைவலு எஞ்சின். உவரும் கச்சான் காற்றுக்கால வெயிலும் பட்டபிறகு அதில் எது தாக்குப்பிடித்தது என்பதை எழுதுகிறோம். காசைக் கதிரையில் கொட்டாமல் போல்ட்டிலும் தையலிலும் போடுங்கள். உவர்த்தண்ணி முதலில் பிடிப்பது அந்த இரண்டையும்தான்.

படகோடு வரும் குறுக்குப் பலகைகளை இடம் காணாதென்று வெட்டி எடுக்க வேண்டாம். படகின் இரண்டு பக்கமும் விரியாமல் பிடித்துவைத்திருப்பவை அவைதான். வெட்டினால் அலைக்கு அலை பக்கம் நெளியும், விளிம்போரம் மயிரிழை வெடிப்பு விழும், அதற்குள் தண்ணி இறங்கும். புது இருக்கை போடுவதென்றால் அதன் மேற்பரப்பு விளிம்பிலிருந்து 20 சென்டிமீட்டராவது கீழே இருக்கட்டும். ஆள் உயர உயர படகு புரளத் தயாராகிறது. கோயில் திருவிழாக் காலத்தில் பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கிக்கொண்டு ஓடும் படகுகளைக் கண்டால் வயிறு கலங்குகிறது. ஈரத் தளத்தில் ஒரு கதிரை வழுக்கினால் ஆறு பேரும் ஒரே பக்கம் சாய்வார்கள்.

ஒற்றைக்காலில் சுழலும் கதிரை பார்வைக்கு அழகு. ஆனால் ஒவ்வொரு அலையிலும் அந்தக் கால் தளத்தை நெம்பும், அடித்தட்டைச் சுற்றி ஃபைபர் வெடிக்கும். வேண்டுமென்றே போடுவதானால் தளத்துக்கு அடியில் ஓரடிச் சதுரத்துக்கு 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் வைத்து, போல்ட் ஊடுருவிப் போகும்படி இறுக்க வேண்டும். எங்கள் கணக்கில் நீட்டுப் பலகை இருக்கையே மேல்.

பலகைக்கு 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட், நடுவில் ஒரு முட்டுக்கால். தண்ணி குடிப்பது வெட்டிய ஓரமும் துளையும்தான். ஓரத்துக்கு எபொக்சி (இரண்டு பாகம் கலந்து பூசும் பிசின்) மூன்று பூச்சு. 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு முதலில் 12 மில்லிமீட்டரில் துளைத்து, எபொக்சியால் நிரப்பி, காய்ந்தபின் நடுவில் 8 மில்லிமீட்டர் துளை போடுங்கள். இரும்பு மரத்தைத் தொடவே கூடாது. போல்ட் துருப்பிடிக்காத உருக்கில் (எஸ்.எஸ்.) 316 தரமாக இருக்கட்டும். ஹாட்வெயார் கடையில் ‘எஸ்.எஸ்.’ என்று தருவது பெரும்பாலும் 304. திறந்த இடத்தில் அது சமாளிக்கும். மெத்தைக்கு அடியில் ஈரம் காயாத இடத்தில் மண்ணிறம் பிடித்துக் குழி விழும். அகல வோஷரும், உள்ளே நைலோன் வளையம் உள்ள, அதிர்வில் கழலாத நைலோக் நட்டும் கட்டாயம். வெறும் ஸ்க்ரூவை ஃபைபரில் முறுக்கினால் அதிர்வில் கழன்றுவிடும். அலுமினியத் தகட்டில் எஸ்.எஸ். போல்ட் போட்டால் இடையில் நைலோன் வோஷர் வையுங்கள், இல்லாவிட்டால் மூட்டில் வெள்ளை மாவு பூத்து அலுமினியம் கரையும்.

மெத்தையில் ஏமாறுவோர் அதிகம். ஸ்பொஞ்சை ரெக்சீனால் மூடித் தைத்தால் முதல் பருவம் நன்றாக இருக்கும். பிறகு தையல் துளையால் இறங்கிய தண்ணி வெளியேறாது. கையால் அழுத்தினால் தையலோரம் கறுப்பு நீர் கசியும், மணமும் அடிக்கும். 30 மில்லிமீட்டர் ஈவா ஃபோம் தண்ணி உறிஞ்சாது, உறையே தேவையில்லை. உறை போட்டே ஆகவேண்டுமென்றால் அடிப்பக்கம் வலைத்துணி, தையலுக்கு வெயில் தாங்கும் பொலியெஸ்டர் நூல். பருத்தி நூல் உக்கிப்போகும்.

எத்தனை பேர்? 20 அடிக்குக் குறைந்த படகுக்கு நீளத்தை அகலத்தால் பெருக்கி 15ஆல் வகுக்கும் கணக்கு உண்டு. 18 அடிக்கு 5 அடி என்றால் 6 பேர், ஓட்டுநரும் சேர்த்து. அது அமைதியான தண்ணிக்கு. முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டி வெள்ளம் கடலுக்கு இழுக்கும் நாட்களில் அந்தப் பக்கம் ஆள் ஏற்றவே வேண்டாம். எஞ்சின், எரிபொருள் கலன், இரண்டு பெரிய ஆட்கள் எல்லாம் பின்னால் சேர்ந்தால் அணியம் (படகின் முன்பக்கம்) எழும்பி, வலைக்கம்பு கண்ணில் படாது. நீளக் குழாய் போட்டுக் கலனை நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

இருக்கைக்கு அடியில் மிதவை வைப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ரெஜிபோம் பெற்றோல் பட்டால் கரையும். பொலியெஸ்டர் ரெசின் ஊற்றினாலும் கரையும். இறுக மூடிய 20 லீற்றர் வெற்றுக் கேன் மலிவும் நம்பிக்கையும். 200 கிலோ ஃபைபர் உடல் தண்ணிக்குள் மூன்றில் ஒரு பங்குதான் எடை காட்டும், சுமார் 70 கிலோ. எஞ்சினுக்கு 40 என்று வையுங்கள். ஆறு கேன் படகை மட்டும் மிதக்கவிடும், பிடித்துத் தொங்கும் ஆட்களுக்காக எட்டுப் பத்து வேண்டும். நடுவில் குவிக்காமல் இரண்டு பக்க ஓரமாக உயரத்தில் பட்டியால் கட்டுங்கள். முழுகிய படகு அப்போதுதான் புரளாது. ஒவ்வொரு கேனும் கிட்டத்தட்ட 19 கிலோ விசையில் மேலே தள்ளும் என்பதால் சணல் கயிறு போதாது.

லைஃப் ஜக்கெட் உடலில் இருந்தால்தான் உதவும், இருக்கைக்கு அடியில் பூட்டி வைத்தது உதவாது. அதன்மேல் உட்காரவும் விடாதீர்கள், ஃபோம் நசுங்கி மிதப்பு குறையும். நீச்சல் தெரியாதவருக்கு 100 நியூட்டன் மிதப்பு விசை உள்ளது வேண்டும். 50 நியூட்டன் நீந்தத் தெரிந்து கரையோரம் நிற்பவருக்கு. பிள்ளைக்குத் தனி அளவு எடுத்து, கால்களுக்கிடையில் போகும் பட்டியையும் பூட்டுங்கள். அது இல்லாவிட்டால் ஜக்கெட் மேலே போய் பிள்ளை கீழே நழுவும். நல்ல தண்ணியில் அலசி நிழலில் காயவிடுங்கள். துணியை விரலால் இழுக்கும்போது கிழிந்தால் அதை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

எஞ்சினை நிறுத்தும் சிவப்புச் சுருள் கயிறு ஓட்டுநரின் உடலில் மாட்டியிருக்க வேண்டும். உவரில் அந்தக் கயிறு மாட்டும் ஆளி இறுகும், ஆகவே கரை விடுமுன் ஒருதரம் இழுத்து எஞ்சின் நிற்கிறதா என்று பாருங்கள். தூள் தீயணைப்பான் 1 கிலோ, கலனுக்குப் பக்கத்தில் அல்லாமல் ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில். அதிர்வில் தூள் அடியில் கட்டிபடும், மாதம் ஒருமுறை தலைகீழாக்கித் தட்டுங்கள்.

வாவிச் சேற்றில் நாலுகொக்கி நங்கூரம் வழுக்கும், தட்டை அலகு நங்கூரமே பிடிக்கும். ஆழத்தின் ஐந்து மடங்கு 10 மில்லிமீட்டர் நைலோன் கயிறு, முனையில் இரண்டு மீற்றர் சங்கிலி. மிதக்கும் பொலிப்ரொப்பிலீன் கயிறு எஞ்சின் காற்றாடியில் சுற்றும். ஆற்றுவாழை கிடக்கும் பக்கம் போவதானால் ஒரு கத்தியும் துடுப்பும் படகிலேயே இருக்கட்டும்.

இரவில் ஒற்றை வெள்ளை விளக்கு போதும் என்பது 7 மீற்றருக்குக் குறைந்து, 7 நொட்டுக்கு (மணிக்கு சுமார் 13 கிலோமீற்றர்) மேல் ஓடமுடியாத படகுக்கு மட்டும். 25 குதிரைவலுப் படகுக்கு அணியத்தில் இடம் சிவப்பு, வலம் பச்சையும் வேண்டும். வெள்ளை விளக்குக் கம்பத்தை இருக்கும் ஆட்களின் தலைக்கு மேலே உயர்த்துங்கள், பின்னால் வரும் தோணிக்கு அது மறைந்துவிடக் கூடாது.