‘டச் ஆஃப் ஈவில்’: எந்தப் பதிப்பு, எந்த டிஸ்க், எந்த பிளேயர்

ஆர்சன் வெல்ஸின் ‘டச் ஆஃப் ஈவில்’ (1958) படத்தை வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது உறையில் ‘4கே’ என்று போட்டிருக்கிறதா என்பதை அல்ல. இந்தப் படம் மூன்று வடிவங்களில் இருக்கிறது. எது உங்களுக்கு வேண்டும் என்று முடிவு செய்யாமல் வாங்கினால், நல்ல டிஸ்க்கை வாங்கிவிட்டுத் தவறான படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

திரையரங்குகளுக்குப் போனது ஏறத்தாழ 96 நிமிடம். யூனிவர்சல் நிறுவனம் வெல்ஸை ஒதுக்கிவிட்டு, ஹாரி கெல்லரை வைத்துச் சில காட்சிகளைக் கூடுதலாக எடுத்துச் சேர்த்தது, பிறகு வெட்டியது. வெட்டுவதற்கு முன் மாதிரிக் காட்சிக்குப் போட்ட 109 நிமிடப் பிரதி 1976-இல் நிறுவனத்தின் கிடங்கில் கிடைத்தது. அதில் வெல்ஸின் காட்சிகளும் அதிகம், கெல்லரின் காட்சிகளும் அதிகம். நீளமாக இருப்பதாலேயே அது வெல்ஸ் விரும்பிய படம் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அப்படி இல்லை.

மூன்றாவது, 1998-இல் தயாரிப்பாளர் ரிக் ஷ்மிட்லினும் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச்சும் சேர்ந்து உருவாக்கியது. ஏறத்தாழ 111 நிமிடம். நிறுவனத்தின் தொகுப்பைப் பார்த்த வெல்ஸ், 1957 டிசம்பரில் 58 பக்கக் குறிப்பு ஒன்றை எழுதிக் கொடுத்தார். அதை வரிவரியாகப் பின்பற்றிச் செய்த மறுசீரமைப்பு இது. வெல்ஸ் 1985-இலேயே காலமாகிவிட்டார். எனவே ‘இயக்குநர் பதிப்பு’ என்று இதை விளம்பரப்படுத்தும் விற்பனையாளரின் மற்றத் தகவல்களையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள்.

வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள முதல் மூன்றரை நிமிடம் போதும். காரின் பின்பெட்டியில் குண்டு வைக்கப்படுகிறது. அந்தக் காரும், சார்ல்டன் ஹெஸ்டனும் ஜேனட் லீயும் நடிக்கும் தம்பதியும் ஒரே தெருவில் எல்லைச் சாவடியை நோக்கி நகர்கிறார்கள். ஒரே ஷாட், வெட்டே கிடையாது. 1958 பதிப்புகளில் இதன் மேலேயே பெயர்கள் ஓடுகின்றன, ஹென்றி மான்சினியின் இசை முழங்குகிறது. 1998 பதிப்பில் பெயர்கள் இல்லை. ஒவ்வொரு மதுக்கூடத்தின் வாசலைக் கடக்கும்போதும் உள்ளே ஒலிக்கும் பாட்டு மாறுகிறது; குண்டு வைத்த காரின் வானொலி நெருங்கி வந்து விலகிப் போகிறது. கார் திரையில் இல்லாதபோதும் அது எங்கே இருக்கிறது என்று காது கண்டுபிடித்துவிடும். இசைக்கு அடியில் தெருவின் ஒலிகள் தனித் தடத்தில் கெடாமல் இருந்ததால்தான் இதைச் செய்ய முடிந்தது. மான்சினியின் இசை அருமையானது, ஆனால் அந்த இடத்தில் அது பதற்றத்தைத் தின்றுவிடுகிறது.

இதில் ஒரு தொழில்நுட்ப விஷயமும் உண்டு. எழுத்துகளைப் படத்தின் மேல் பதிக்க அந்தக் காலத்தில் நெகட்டிவிலிருந்து இன்னொரு பிரதி எடுத்தாக வேண்டும். ஒரு தலைமுறை இறங்குவதால் படச்சுருளின் துகள் பெரிதாகும், கூர்மை குறையும். பெயர்கள் ஓடும் பதிப்பின் தொடக்கம் சற்று மங்கலாகத் தெரிந்தால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள். ஒரு காட்சி கரைந்து அடுத்தது தோன்றும் இடங்களிலும் இதே கதைதான். எந்த 4கே ஸ்கேனும் அதைச் சரிசெய்யாது.

இனி டிஸ்க்குகள்.

பழைய டிவிடிகளில் 2008-இன் ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பில் மட்டும்தான் மூன்று வடிவங்களும் உள்ளன. அதற்கு முந்தைய அமெரிக்க டிவிடியில் 1998 வடிவம் மட்டும். டிஸ்க்கை எந்த வட்டாரத்து பிளேயர் திறக்கும் என்பதைக் குறிப்பது ரீஜன்: அமெரிக்க டிவிடி ரீஜன் 1, சிங்கப்பூர் ரீஜன் 3. இங்கே விற்கும் பல டிவிடி பிளேயர்கள் எல்லா ரீஜனையும் ஏற்கும் என்றாலும், வாங்குமுன் கேட்டுவிடுங்கள். பிரிட்டிஷ் டிவிடி ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 25 சட்டகமாக ஓடும். 24-இல் எடுத்த படம் 4 விழுக்காடு வேகமாகிவிடும். 111 நிமிடம் 106 நிமிடமாகக் காட்டினால் வெட்டிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். ஆனால் குரலின் சுருதி சற்று உயர்ந்திருக்கும். வெல்ஸின் அடித்தொண்டைக் குரலுக்கு அது பெரிய இழப்பு.

2011-இல் பிரிட்டனின் யுரேகா நிறுவனம் தன் ‘மாஸ்டர்ஸ் ஆஃப் சினிமா’ வரிசையில் வெளியிட்ட புளூ-ரே ஆய்வாளர்களுக்கானது. இரண்டு டிஸ்க்கில் ஐந்து வடிவங்கள்: திரையரங்கப் பதிப்பும் 1998 பதிப்பும் 1.85, 1.37 என இரண்டு அகல-உயர விகிதத்திலும், 109 நிமிடப் பதிப்பு 1.85-இல் மட்டும். படம் திறந்த சட்டகத்தில் எடுக்கப்பட்டு, திரையரங்கில் மேலும் கீழும் மறைத்துக் காட்டப்பட்டது. 1.37-இல் கூரைகளும் வளைவுகளும் கூடுதலாகத் தெரியும். வெல்ஸ் கீழிருந்து மேல்நோக்கி வைத்த கோணங்கள் இன்னும் பூதாகரமாகும். ஆனால் தலைக்கு மேல் வெற்றிடம் தொங்கும் சட்டகங்களும் நிறைய வரும். 1.85-தான் இறுக்கமாக இருக்கிறது, 1.37 ஒப்பிட்டுப் பார்க்க நல்லது. சிக்கல் வேறு இடத்தில்: இது ரீஜன் பி. சிங்கப்பூர் புளூ-ரே ரீஜன் ஏ. இங்கே வாங்கிய சாதாரண புளூ-ரே பிளேயரோ, ப்ளேஸ்டேஷனோ இதைத் திறக்காது. டிவிடி ரீஜனை ரிமோட்டில் எண் தட்டி மாற்றும் பழைய வித்தை புளூ-ரேக்குப் பெரும்பாலும் பலிக்காது. உள்ளே சிப் மாற்றிய பிளேயர் வேண்டும். ‘மல்டி ரீஜன்’ என்று கடைக்காரர் சொன்னால் டிவிடிக்கா, புளூ-ரேக்கா என்று தெளிவாகக் கேளுங்கள். சிம் லிம் ஸ்குவேரில் வாங்குவதானால் ஒரு ரீஜன் பி டிஸ்க்கைக் கையோடு எடுத்துப்போய்ப் போட்டுப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

2014-இல் யூனிவர்சல் அமெரிக்காவில் வெளியிட்ட புளூ-ரேயில் மூன்று வடிவங்களும் 1.85-இல் உள்ளன. அமெரிக்காவும் ரீஜன் ஏ என்பதால் இங்கே தொந்தரவின்றி ஓடும். 58 பக்கக் குறிப்பின் நகல் சிறுநூலாகக் கூட வருகிறது. அதைப் படித்துக்கொண்டே 1998 பதிப்பைப் பார்ப்பது தொகுப்புக் கலைக்கு ஒரு பாடம்.

2022-இல் கீனோ லார்பர் மூன்று 4கே டிஸ்க்காக வெளியிட்டது. ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி டிஸ்க், வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையிலான வீச்சைக் கூட்டும் எச்டிஆர் தொழில்நுட்பத்தின் இரு வகைகளான டால்பி விஷனும் எச்டிஆர்10-உம் உண்டு. 4கே டிஸ்க்குகளுக்கு நடைமுறையில் ரீஜன் பூட்டு இல்லை. சாதாரண புளூ-ரே பிளேயரில் ஓடாது என்பதை மட்டும் மறக்காதீர்கள். விமர்சகர் டிம் லூக்கஸ், இமோஜன் சாரா ஸ்மித் ஆகியோர் படத்தோடு கூடவே பேசும் புதிய விளக்க உரைகள் இதில் சேர்ந்திருக்கின்றன. ஒன்றுதான் கேட்க நேரம் என்றால் 109 நிமிடப் பதிப்பில் ஜோனதன் ரோசன்பாமும் ஜேம்ஸ் நேர்மோரும் பேசுவதைக் கேளுங்கள். 1998 வேலைக்கு ஆலோசகராக இருந்தவர் ரோசன்பாம். எது வெல்ஸ் எடுத்தது, எது கெல்லர் எடுத்தது என்று பிரித்துப் புரிந்துகொள்ள அந்த உரை உதவும்.

4கேயின் ஆதாயம் எங்கே? வீவக வீட்டு வரவேற்பறையில் 55 அங்குலத் தொலைக்காட்சி, சோபா 2.5 மீட்டர் தள்ளி என்று வைத்துக்கொள்வோம். சாதாரண புளூ-ரேயின் ஒரு புள்ளி அந்தத் திரையில் 0.63 மி.மீ. அகலம். அந்தத் தூரத்தில் இயல்பான கண் பிரித்தறியும் எல்லையே ஏறத்தாழ 0.73 மி.மீ. ஆக, கூடுதல் புள்ளிகளை நீங்கள் பார்க்கவே போவதில்லை. ஆதாயம் எச்டிஆரில்தான். விடுதி அறையில், வெல்ஸ் நடிக்கும் காவல் அதிகாரி க்வின்லன், குற்றக் கும்பல் தலைவன் கிராண்டியின் கழுத்தை நெரிக்கும் காட்சியைப் போட்டுப் பாருங்கள்: வெளியே விளக்கு அணைந்து எரிகிறது, அறை இருண்டு வெளுக்கிறது. புளூ-ரேயில் அந்த வெளிச்சம் ஒரு வெள்ளைத் திட்டு; 4கேயில் வெளிச்சத்துக்குள்ளும் முகத்தின் மடிப்பும் வியர்வையும் நிற்கின்றன. ஓஎல்ஈடி திரையில் இந்த வேறுபாடு பெரிது. மலிவான எல்ஈடி திரையில் கறுப்பு சாம்பலாகிவிடும். அப்படியானால் 2014 புளூ-ரே போதும், மிச்சப் பணத்தைத் திரைக்கு ஒதுக்கலாம்.

ப்ளேஸ்டேஷன் 5 டிஸ்க்கில் உள்ள டால்பி விஷனைக் கொடுக்காது, எச்டிஆர்10-ஐத்தான் கொடுக்கும். சாம்சங் தொலைக்காட்சிகளிலும் டால்பி விஷன் கிடையாது. இரண்டுமே படத்தைக் கெடுத்துவிடாது. கெடுப்பது ஆலையிலிருந்து வந்த அமைப்புகள்: அசைவை வழுவழுப்பாக்கும் வசதியையும் இரைச்சல் நீக்கியையும் அணைத்து, ஷார்ப்னஸைக் குறைத்து, வண்ண வெப்பத்தை ‘வார்ம்’ பக்கம் தள்ளுங்கள். இரைச்சல் நீக்கி துகளை அழித்து முகங்களை மெழுகாக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் நீலச்சாயல் ஏறினால் அது படத்தின் குணமல்ல, திரையின் குணம்.

ஒலி மோனோ. சவுண்ட்பாரின் செயற்கைச் சுற்றொலியை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேசும் வெல்ஸின் வசனங்கள் குழம்பிப்போகும். கடைசியில் பாலத்தின் அடியில் ஒலிப்பதிவுக் கருவியிலிருந்து க்வின்லனின் குரல் எதிரொலிக்கும் இடம்தான் சோதனை: நிஜக் குரலும் கருவியின் குரலும் வேறுபட்டுக் கேட்க வேண்டும். ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்வதில் வெட்கம் வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால், பதிவுபெற்ற பெரிய இணையக் கடைகள் 400 வெள்ளி வரையிலான பொருள்களுக்குப் பணம் செலுத்தும்போதே 9 விழுக்காடு பொருள், சேவை வரியைச் சேர்த்துக்கொள்ளும். பெட்டி வந்ததும் டிஸ்க்கைப் பிடிக்கும் நடுப்பல் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். பல டிஸ்க் உள்ள பெட்டியில் ஒன்று கழன்று ஆடி மற்றதைக் கீறுவது வழக்கம். 4கே டிஸ்க்கில் தகவல் நெருக்கமாக இருப்பதால் விரல் ரேகைகூடப் படத்தை உறைய வைக்கும். மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைக்க வேண்டும், வட்டமாக அல்ல.

கேரோசலில் பழையதாக வாங்குவோர் உறைப் படத்தோடு நிற்காமல் டிஸ்க்கின் இரண்டு பக்கங்களையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 2014 புளூ-ரே என்றால் குறிப்புச் சிறுநூல் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது தொலைந்திருந்தாலோ, இங்குள்ள ஈரக் காற்றில் தாள் நெளிந்திருந்தாலோ விலையைக் குறைத்துக் கேட்கலாம்.