ஹாஜி ஜெர்ஸி செட்: துணி தரம், முதுகைப் பார்த்து வாங்குங்கள்

புளியந்தோப்பு பக்கம் டீம்களுக்கு ஜெர்ஸி அடித்துக் கொடுக்கும் ஒரு பட்டறை, ரோமானியாவின் கால்பந்து நட்சத்திரம் கியோர்கே ஹாஜி ஆடிய, பயிற்சி கொடுத்த அணிகளின் ஜெர்ஸிகளை ஏழு பீஸ் செட்டாகப் போட்டிருக்கிறது: ஸ்டேவா, ரியல் மாட்ரிட், ப்ரெஷியா, பார்சிலோனா, கலாதசராய், ரோமானிய தேசிய அணி, ஃபாருல். தனி பீஸ் 450 ரூபாய், பெயரும் நம்பரும் வேண்டுமென்றால் 80 ரூபாய் கூடுதல். எல்லாம் ரசிகர்களுக்கான நகல்தான். ஒரிஜினல் என்று சொல்லி விற்கவில்லை. மெஸ்ஸி, ரொனால்டோ ஜெர்ஸி தெருவுக்குத் தெரு தொங்குகிற ஊரில் ஹாஜிக்கென்று ஒரு செட் வந்ததே பெரிய சந்தோஷம். ஆசைப்பட்டு வாங்குகிற சரக்கு என்பதால்தான் கறாராகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் துணி. 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) டாட் நிட், அதாவது புள்ளி புள்ளியாகப் பின்னிய பாலியஸ்டர். நம் ஊர் வெக்கைக்கு இந்த எடை சரி. 120-க்குக் கீழே போனால் வியர்வையில் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், மண் தரையில் ஒருமுறை சறுக்கி விழுந்தாலே நூல் இழுத்துவிடும். 180-க்கு மேல் போனால் பிற்பகல் மேட்ச்சில் போட முடியாது. பிரிண்ட் சப்ளிமேஷன் முறை. வெட்டிய வெள்ளைத் துணிமேல் மை அடித்த பேப்பரை வைத்து, 200 டிகிரியில் ஒரு நிமிடம்போல அழுத்துகிறார்கள். மை ஆவியாகி நூலுக்குள்ளேயே இறங்கிவிடுவதால் உரிவதற்கு எதுவும் இல்லை. கடையிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை: அடர்நிறப் பகுதியை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். கண்ணிக்குள் வெள்ளை பளிச்சென்று தெரிந்தால் அழுத்தமோ நேரமோ போதவில்லை என்று அர்த்தம். அக்குளையும் விரித்துப் பாருங்கள். தைத்த பிறகு பிரஸ் செய்த சட்டையில் மடிப்புக்குள் வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். இந்தப் பட்டறை வெட்டி, அடித்து, அதன் பிறகுதான் தைக்கிறது. பார்த்த பீஸ்களில் கோடு இல்லை.

தப்பு நடப்பது முதுகில். ஏழு பீஸிலும் பெயரும் 10-ம் நம்பரும் அடித்து மாட்டியிருக்கிறார்கள். ஹாஜி ரியல் மாட்ரிட்டில் இருந்தது 1990 முதல் 1992 வரை. ஸ்பெயின் லீக்கில் பருவம் முழுக்க ஒரே நம்பர், முதுகில் பெயர் என்ற வழக்கம் வந்தது 1995-96-ல்தான். அதற்கு முன்னால் யார் களமிறங்குகிறார்களோ அவர்களுக்கு 1 முதல் 11 வரை நம்பர், அவ்வளவுதான். இத்தாலியிலும் அதே 1995-96 கணக்கு. ஹாஜி ப்ரெஷியாவில் ஆடியதோ 1992 முதல் 1994 வரை. ஆக மாட்ரிட் வெள்ளையிலும், வெள்ளை வி போட்ட ப்ரெஷியா நீலத்திலும் பெயர் வரவே கூடாது. 1987 முதல் 1990 வரையிலான ஸ்டேவா ஜெர்ஸிக்கும் பெயர் வேண்டாம். பார்சிலோனாவில் அவர் இருந்த இரண்டு பருவங்களில் பின்னதற்கு மட்டும்தான் பெயர் பொருந்தும். மார்பில் விளம்பரம் போடாமல் விட்டிருக்கிறார்கள். அது ரொம்பச் சரி, அந்தக் காலத்து பார்சிலோனா சட்டையில் விளம்பரமே கிடையாது. ரோமானிய மஞ்சளுக்குப் பெயரும் பத்தும் தாராளமாகப் போடலாம். உலகக் கோப்பையில் சட்டையில் பெயர் வந்ததே 1994-ல்தான். கொலம்பியாவின் கோல்கீப்பர் கோர்டோபா முன்னேறி நிற்பதைப் பார்த்து, இடது ஓரத்திலிருந்து அவர் தலைக்கு மேலே ஹாஜி தூக்கிப் போட்ட கோல் அந்த உலகக் கோப்பையில் வந்தது.

இந்த செட்டின் உயிர் கலாதசராய் பீஸ். ஹாஜி 1996-ல் இஸ்தான்புல் போனபோது வயது 31. கதை முடிந்தது என்று பலர் நினைத்த நேரம். அங்கே தொடர்ந்து நான்கு லீக் பட்டம், 2000-ல் ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூஃபா கோப்பை. கோபன்ஹேகனில் ஆர்சனலுக்கு எதிரான அந்த இறுதிப் போட்டியில் கூடுதல் நேரத்தில் ரெட் கார்டு வாங்கி வெளியேறினார். பத்துப் பேரோடு தாக்குப்பிடித்த அணி பெனால்டியில் 4-1 என்று ஜெயித்தது. சட்டை பாதி மஞ்சள், பாதி சிவப்பு. அடிக்கச் சிரமமான டிசைன் இது. சூட்டில் பாலியஸ்டர் லேசாகச் சுருங்கும். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அளவு சுருங்காவிட்டால் நடுக்கோடு கழுத்தின் மையத்தை விட்டு விலகிவிடும். பார்த்ததில் ஒரு எல் சைஸ் பீஸில் கோடு அரை விரல்கடை தள்ளியிருந்தது. தோளைச் சேர்த்துப் பிடித்து, காலரின் நடுவிலிருந்து கீழ் மடிப்பு வரை டேப் வைத்துப் பார்த்து எடுங்கள்.

நம்பரில் இன்னொரு சிக்கல். சட்டை சப்ளிமேஷன் என்றாலும் நம்பரைத் தனியாக வினைல் என்கிற பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி ஒட்டுகிறார்கள். சிவப்புப் பாலியஸ்டர்மேல் வெள்ளை வினைலை 150, 160 டிகிரியில் ஒட்டினால் துணியிலுள்ள சாயம் மறுபடி கிளம்பி வினைலுக்குள் ஏறும். வாங்கும்போது வெள்ளையாக இருக்கும்; சில நாளில் ரோஸ் ஆகிவிடும். ஸ்டேவா சிவப்பில் இது நன்றாகவே தெரிகிறது. இதற்குச் சாயம் தடுக்கும் பிளாக்அவுட் ஃபிலிம் இருக்கிறது, 130 டிகிரி சுற்றிலேயே ஒட்டிவிடும். விலை கொஞ்சம் கூடும், கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் நம்பரையும் டிசைனோடு சேர்த்து சப்ளிமேஷனிலேயே அடிக்கச் சொல்லுங்கள். அதுதான் நிரந்தரம்.

கடையில் அதிகம் விலைபோகாத பீஸ் ஃபாருல். எனக்குக் கேட்டால் முதலில் எடுக்க வேண்டியதே அந்த நீல வெள்ளைதான். கருங்கடல் துறைமுக ஊரான கான்ஸ்டான்ட்சாவின் அணி அது. 1982-83-ல் ஹாஜி பெரியவர்கள் லீக்கில் கால் வைத்தது அங்கேதான். கோச் ஆன பிறகு ஆரம்பம் அவருக்குச் சுலபமாக அமையவில்லை. 2001-ல் ரோமானிய அணி ஸ்லோவேனியாவிடம் தோற்று உலகக் கோப்பை வாய்ப்பை இழந்தது. 2005-ல் கலாதசராயோடு துருக்கிக் கோப்பை இறுதியில் ஃபெனர்பாச்சேயை 5-1 என்று அடித்தும் அந்த வேலை நிலைக்கவில்லை. பிறகு 2009-ல் சொந்த ஊர்ப் பக்கமே அகாடமியும் வீட்டோருல் என்ற கிளப்பும் தொடங்கினார். சின்னப் பையன்களை வைத்தே 2016-17 ரோமானிய லீக் பட்டம். புக்கரெஸ்ட் அணியான எஃப்சிஎஸ்பியோடு புள்ளி சமம். நேருக்கு நேர் முடிவில் முந்தினார்கள். 2021-ல் வீட்டோருல் ஃபாருலோடு இணைந்தது, 2022-23-ல் ஃபாருல் சாம்பியன். முல்லை நகர் மைதானத்தில் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கும் கோச்சுகளுக்குப் பரிசு கொடுப்பதென்றால் இதைவிடப் பொருத்தமான சட்டை கிடையாது. கோச் ஹாஜிக்காக வாங்குவதால் முதுகை வெறுமையாக விடச் சொல்லுங்கள், 80 ரூபாயும் மிச்சம்.

சைஸில் கவனம். அந்தக் காலத்து ஜெர்ஸி தொளதொளவென்று இருக்கும். இங்கே வெட்டு ஒடுக்கம். மார்பளவோடு நாலு அங்குலம் சேர்த்துச் சொல்லுங்கள், கைநீளம் முழங்கைக்குச் சற்று மேலே நிற்கட்டும். காலர் தையல் நன்றாகவே இருக்கிறது. கீழ் மடிப்பு மட்டும் ஒற்றைத் தையல். இரட்டை ஊசி போட்டுத் தரச் சொன்னால் தருகிறார்கள்.

பெயர், நம்பர் ஒட்டிய பீஸை ஒரு நாள் கழித்தே நனைக்க வேண்டும். உள்பக்கம் வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். பிரஷ் போட வேண்டாம். நம்பர்மேல் நேராக அயர்ன் வைத்தால் வினைல் உருகி அயர்னோடு வந்துவிடும். நிழலில் கொடியில் போட்டாலே சீக்கிரம் காய்ந்துவிடுகிற துணிதான்.