பூடிலா, சிப்பிப்பாறையா, தெருவில் பிறந்த பெட்டையா? நாயைத் தொட்டால் தும்மும் பிள்ளை உள்ள வீட்டுக்கு எது பொருந்தும்

என் மகளுக்கு ஒன்பது வயது. நாயைக் கட்டிக்கொண்டால் கொஞ்ச நேரத்திலேயே கண் சிவந்து நீர் வடியும்; தும்மல் அடுக்கடுக்காக வரும். அப்படியும் அவள் கேட்பது நாய்தான். மறுக்க மனம் வராமல் எட்டு மாதம் இதற்காகவே அலைந்தோம்.

முதலில் போனது, "அலர்ஜி வராத நாய்" என்று பூடில் குட்டிகள் விற்கும் ஒருவர் வீட்டுக்கு. முடி கொட்டாது, அதனால் தும்மல் வராது என்றார். குட்டிகள் தூங்கிக்கொண்டிருந்ததால் அவற்றின் தகப்பனோடு மகள் விளையாடினாள். கால் மணி நேரத்தில் அவள் கழுத்தும் கன்னமும் தடித்துச் சிவந்துவிட்டன. இன்ஹேலரை எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று.

ஒவ்வாமையைத் தூண்டுவது முடி அல்ல; நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கும் புரதங்கள். அவற்றில் முக்கியமானது கேன் எஃப் 1. நாய் தன்னை நக்கும்போது இந்தப் புரதம் உடலெங்கும் பூசப்படுகிறது. காய்ந்தபின் தூசியோடு தூசியாகப் பறக்கிறது. எச்சில் சுரக்காத நாய் உலகில் இல்லை என்பதால் ஒவ்வாமையே தராத இனமும் இல்லை.

பிறகு "அலர்ஜி வராத நாய்" என்ற பெயர் எப்படி வந்தது? ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய்களைப் பயிற்றுவித்த வாலி கான்ரன், ஹவாயில் வாழ்ந்த பார்வையற்ற பெண் ஒருவருக்காக 1980களின் இறுதியில் லாப்ரடாரையும் பூடிலையும் இணைத்தார். அந்தப் பெண்ணின் கணவருக்கு நாய் ஒவ்வாமை. பிறந்த மூன்று குட்டிகளில் அவருக்கு ஒத்துப்போனது ஒன்றே ஒன்று. அதே வயிற்றில் பிறந்த மற்ற இரண்டும் ஒத்துப்போகவில்லை என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. 2009இல் ஒபாமா குடும்பம் மூத்த மகளின் ஒவ்வாமையை முன்னிட்டு "போர்ச்சுகீசிய வாட்டர் டாக்" என்ற நாய் இனத்தைத் தேர்ந்தெடுத்தபோது இந்த நம்பிக்கை உலகம் முழுக்கப் பரவியது.

ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. 2011இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில், நாய் வளர்க்கும் 173 வீடுகளின் தூசியைச் சோதித்தார்கள். "அலர்ஜி தராத" இனம் இருந்த வீட்டுக்கும் மற்ற வீட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த ஆண்டு நெதர்லாந்தில் நாய் முடியையே எடுத்துச் சோதித்ததில், பூடில் முதலிய இனங்களின் முடியில் கேன் எஃப் 1 மற்ற நாய்களைவிடக் கூடுதலாகவே இருந்தது. லாப்ரடாரும் பூடிலும் கலந்த லாப்ரடூடில் இருந்த வீடுகளில் தரைத் தூசியில் கொஞ்சம் குறைவு. காற்றில் வேறுபாடு இல்லை. பூடிலின் முடியைச் சில வாரங்களுக்கு ஒருமுறை வெட்டிவிடவும் வேண்டும். விட்டால் சிக்குப் பிடித்துவிடும். இந்தச் செலவையும் சிரமத்தையும் ஏற்பதற்கு ஒவ்வாமை ஒரு காரணமே இல்லை.

இனத்தைவிட ஆண் பெண் வேறுபாடு முக்கியம் என்பது எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. கேன் எஃப் 5 என்ற புரதம் ஆண் நாயின் புராஸ்டேட் சுரப்பியில் உருவாகி, சிறுநீர் வழியாக முடியில் ஒட்டுகிறது. பெட்டை நாயிடம் அது கிடையாது. ஆண்மை நீக்கம் செய்த நாயிடம் வெகுவாகக் குறைந்துவிடும். நாய் ஒவ்வாமை உள்ளவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு இந்த ஒரு புரதம்தான் ஒத்துக்கொள்வதில்லை.

இதைத் தெரிந்துகொள்ளப் பரிசோதனை வேண்டும். மகளின் முன்கையில் பேனாவால் எண்கள் எழுதி, ஒவ்வொன்றின் அருகிலும் ஒவ்வாமை தரும் பொருள் ஒன்றின் சாற்றை ஒரு சொட்டு விட்டு, சிறு ஊசிமுனையால் லேசாகக் குத்தினார்கள். "அம்மா, மூணாம் நம்பர்தான் ரொம்ப அரிக்குது" என்று நெளிந்தாள். பதினைந்து நிமிடத்தில் அந்த இடம் கொசுக்கடியைவிடப் பெரிதாகப் புடைத்திருந்தது. மூன்று, மெத்தையிலும் தலையணையிலும் வாழும், கண்ணுக்குத் தெரியாத வீட்டுத் தூசிப்பூச்சி. நாயின் எண்ணில் புடைப்பு சிறியது. நாயைப் பற்றி யோசிக்கும் முன் அவளுடைய பழைய பஞ்சு மெத்தையை வெளியேற்றினோம். தலையணை உறைகளை வாரந்தோறும் வெந்நீரில் துவைக்கத் தொடங்கினோம். இரவு இருமல் அதிலேயே பாதி குறைந்தது. தோல் பரிசோதனையில் நாயின் எந்தப் புரதம் என்று பிரிந்து தெரியாது. அதற்குத் தனி இரத்தப் பரிசோதனை. அதில் அவளுக்குக் கேன் எஃப் 5 மட்டுமே வந்தது. அன்று தகப்பன் நாயிடம் உடம்பு ஏன் அப்படித் தடித்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

ஆக, பெட்டை நாய்தான். எந்தப் பெட்டை?

சிப்பிப்பாறை மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஒட்டிய வயிறும் வழுவழுப்பான குட்டை முடியுமாக, ஈரத் துணியால் துடைத்தால் சுத்தமாகிவிடும். ஆனால் முயலை விரட்டப் பிறந்த நாய் அது. ஓடத் திடல் வேண்டும். மாடி வீட்டில் அடைப்பது பாவம். ராஜபாளையம் வீட்டுக்குக் காவல், ஆனால் வந்து போகும் பிள்ளைகள் அதிகமுள்ள எங்கள் வீட்டுக்குச் சரிவராது. தோட்டம் துரவு உள்ளவர்கள் தாராளமாக யோசிக்கலாம்.

தெருவில் பிறந்த நாட்டுப் பெட்டையைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன். வளர்ந்த நாயாக எடுத்தால் குணமும் தெரியும், பிள்ளைக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதும் தெரியும். குட்டியிடம் இந்த இரண்டையும் கணிக்க முடியாது. பெட்டை என்பதற்காகவே தெருவில் விடப்படும் குட்டிகள் எத்தனை! தடுப்பூசியும் கருத்தடையும் முடிந்த இரண்டு வயதுப் பழுப்பு நாய் ஒன்றை ஒரு காப்பகத்தில் பார்த்தோம். ஒரே நாளில் முடிவெடுக்கவில்லை. ஐந்து வாரம், ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் மகள் அதனுடன் இருந்தாள். அது படுத்த துணியை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் போட்டும் பார்த்தோம்.

ஆஸ்துமா இளைப்பு கட்டுக்குள் இல்லாத பிள்ளை என்றால் இந்த ஒப்பீடே வேண்டாம், நாயும் வேண்டாம். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை மீன்தொட்டி போதும். அந்த விஷயத்தில் பிள்ளையின் அழுகைக்கு இறங்கிவிடாதீர்கள்.

அந்தப் பழுப்பு நாய் இப்போது எங்களோடு இருக்கிறது. செவலை என்று மகள் பெயர் வைத்திருக்கிறாள். படுக்கையறைக்குள் அதற்கு அனுமதி இல்லை. வாரம் இருமுறை குளியல். அதைத் தவறவிட்டால் சில நாளிலேயே புரதம் பழைய அளவுக்கு வந்துவிடும். மூச்சின் வேகத்தை ஊதிப் பார்க்கும் கருவியில் காலை, மாலை மகள் ஊதும் அளவை நோட்டில் குறிக்கிறோம். எண்கள் இறங்கினால் செவலையை ஏற்றுக்கொள்ளக் கோவில்பட்டியில் இருக்கும் என் அக்கா முன்பே சம்மதித்திருக்கிறார். அந்த வாக்கு கிடைத்த பிறகுதான் காப்பகத்தில் கையெழுத்துப் போட்டேன்.