உப்புக் காற்றில் தோட்ட விளக்குகள்: கடலூர் வீட்டில் சில ஆண்டுகள் எரிந்த பிறகு

கடலோர ஊரில் வீட்டைச் சுற்றி விளக்குப் போட நினைப்பவர்கள் எத்தனை வாட், என்ன நிறம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம், அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் 2021இல் போட்ட தோட்ட விளக்குகளை இத்தனை நாள் பார்த்துவந்ததில், விளக்கின் ஆயுளைத் தீர்மானிப்பவை அதன் உடல் உலோகமும் மண்ணுக்குள் இருக்கும் ஒயர் இணைப்புகளும்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

முதலில் உலோகம். தெரிந்தே ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, வேலியோரம் பவுடர் பூச்சு அடித்த அலுமினிய விளக்குகளையும், வாசல் பாதையில் பித்தளை விளக்குகளையும், மாமரத்தடியில் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் விளக்குகளையும் வைத்தோம். அலுமினியம் இரண்டாவது கோடைக்குள்ளேயே தன் குணத்தைக் காட்டியது. திருகாணியைச் சுற்றிப் பூச்சு கொப்புளம்போல் எழும்பியது. நகத்தால் கீறினால் வெள்ளைப் பொடி உதிர்ந்தது. அலுமினிய உடலில் ஸ்டீல் திருகாணி இறங்கும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால், இரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு தொடங்கி, அலுமினியம்தான் கரையும். பூச்சு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் திருகாணியை முடுக்கும்போது அந்த இடத்தில் கீறல் விழாமல் இருக்காது. பித்தளை கறுத்துவிட்டதே தவிர அரிக்கவில்லை; அந்தக் கறுப்பே அதற்குக் காப்பு என்பதால் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். கடைகளில் எஸ்.எஸ். என்று மட்டும் சொல்லி விற்பது பெரும்பாலும் 304 ரகம்; உப்புக் காற்றில் அதன்மேல் தேநீர்க் கறை நிறத்தில் துரு படியும். 316 ரகத்தில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்திருப்பதால்தான் உப்பை அது கூடுதலாகத் தாங்குகிறது. விலை அதிகம்தான், ஆனாலும் கடற்கரைக்கு அருகில் இருப்பவர்கள் விளக்கின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தாவது இதையோ பித்தளையையோ வாங்குவது நல்லது.

அடுத்தது மின்னழுத்தம். ஈர மண்ணில் குழந்தைகள் ஓடியாடும் இடத்துக்கு 230 வோல்ட்டைக் கொண்டுபோக எனக்கு மனம் ஒப்பவில்லை. குறைந்த அழுத்தம் என்று முடிவு செய்தபின் 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா என்ற கேள்வி வந்தது. எங்கள் கடைசி விளக்குக் கூட்டம், 230 வோல்ட்டைக் குறைந்த அழுத்தமாக மாற்றித் தரும் டிரைவர் பெட்டியிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே சுமை 40 வாட். 12 வோல்ட்டில் அதற்கு 3.3 ஆம்பியர் ஓட வேண்டும். 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் போகவும் வரவும் 60 மீட்டர் கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 2.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். அதாவது ஐந்தில் ஒரு பங்கு. கடைசி விளக்கு மங்கலாக எரிவதற்கு விளக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. அதே சுமையை 24 வோல்ட்டில், 2.5 சதுர மி.மீ. ஒயரில் கொண்டுபோனால் இழப்பு முக்கால் வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். அப்படித்தான் செய்தோம், இன்றுவரை முதல் விளக்குக்கும் கடைசி விளக்குக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இல்லை.

இனி இணைப்புகள். ஐ.பி. 67 என்ற முத்திரை, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து எடுத்தாலும் உள்ளே நீர் புகாது என்பதற்கான சோதனை. ஆனால் நம் ஊர் விளக்குகள் பழுதாவது வேறு வழியில். எரிந்து சூடாக இருக்கும் விளக்கின்மேல் திடீரென்று மழை கொட்டினால், உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சப் பார்க்கும். கண்ணாடி ஓரத்து ரப்பர் வளையம் சரியாக இருந்தால், அது உறிஞ்சுவது ஒயரின் வழியாகத்தான். மண்ணுக்குள் வெறும் டேப் சுற்றிவைத்த ஜாயின்டில் நீர் நின்றால், செம்பு இழைகளுக்கு நடுவே உள்ள இடுக்கு வழியே அது மெல்ல ஏறி விளக்கின் வயிற்றுக்குள் போய்ச் சேரும். வேலியோரம் அணைந்துபோன ஒரு விளக்கைப் பிரித்தபோது ரப்பர் வளையம் புதிதுபோல் இருந்தது. ஒயரின் தோலை உரித்தால் உள்ளே செம்பு நெடுகப் பச்சையும் கறுப்புமாக மாறியிருந்தது. அதனால் எல்லா ஜாயின்டுகளையும் ஜெல் நிரப்பிய கூடுகளுக்கு மாற்றினோம். ஒட்டுப்பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயையும் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய்) மேலே போர்த்தினோம். இதற்கு ஆகும் செலவு விளக்கின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. “ஜாயின்டுக்கு டேப் போதும் சார்” என்று எலக்ட்ரீசியன் சொன்னால், தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இந்த அமைப்புக்குப் பெரிய சோதனை 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகி கடலூர் மாவட்டத்தின் பல பகுதிகள் வெள்ளத்தில் கிடந்தன. எங்கள் முற்றத்திலும் தண்ணீர் நின்றது. டிரைவர் பெட்டியைத் தரையிலிருந்து இடுப்புக்கு மேல் சுவரில் பொருத்தியிருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மணற்பாங்கான மண்ணில் குத்திவைத்த விளக்குகள்தான் சாய்ந்துபோயின. சிறு கான்கிரீட் கட்டையில் திருகியவை அசையவில்லை. 230 வோல்ட் பக்கத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் எவரும் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

தென்னை இருக்கும் வீட்டுக்காரர்கள் கவனிக்க: விளக்கை மட்டையும் காயும் விழும் வட்டத்துக்கு வெளியே தள்ளிவைத்து, குறுகிய ஒளிக்கற்றையால் தண்டை மட்டும் தொடுங்கள்.

நிறத்தில் 2700 கெல்வின், அதாவது மஞ்சள் சாயலுள்ள இதமான ஒளிதான் எங்கள் தேர்வு. மழை விட்ட மாலைகளில் ஈசல் கிளம்பும்போது இதன் அருமை தெரியும்; பக்கத்தில் வெள்ளொளி எரியும் கம்பத்தைச் சுற்றி அவை மொய்க்கும் அளவுக்கு இங்கே வருவதில்லை. ஒளியைக் கட்டுப்படுத்துவதற்கு இதைவிட எனக்கு முக்கியமான இன்னொரு காரணமும் உண்டு. கடலூர், புதுச்சேரி கடற்கரைகளில் தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் என்னும் கடலாமைகள் முட்டையிட வருகின்றன. பொரித்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் திசையைக் கடல் என்று எண்ணி நகரும். கரையில் விளக்கு எரிந்தால் ஊருக்குள் வந்து செத்துப்போகும். ஆகவே கடலைப் பார்க்கும் பக்கத்தில் விளக்கே வைக்கவில்லை. மற்ற விளக்குகளுக்கும் மறைப்பு உண்டு. இரவு பத்து மணிக்கு டைமர் எல்லாவற்றையும் அணைத்துவிடும். மார்கழியில் மட்டும் விடிகாலைக் கோலத்துக்காக வாசல் விளக்கை நாலரை மணிக்கு எரிய வைத்திருக்கிறோம்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கோடையில் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவிவிடுவதும், ஐப்பசிக்கு முன் கண்ணாடி ஓரங்களைப் பார்ப்பதும் போதும். இதுவரை நீரோ உப்போ காரணமில்லாமல் தானாகவே பழுதானது ஒரு டிரைவர் மட்டுமே. அதே அளவு டிரைவர் ஒன்றை முதலிலேயே கூடுதலாக வாங்கிவைத்திருந்ததால் அன்று மாலையே மாற்ற முடிந்தது. விளக்கு வாங்கும் அன்றே நீங்களும் ஒன்றைச் சேர்த்து வாங்கிவிடுங்கள், ஏனெனில் அதே மாடல் பிறகு கடையில் கிடைப்பது அரிது.