லாரெஸா, ஔசங்காதேயா? கெச்சுவா ஊர்களின் நடுவே நடக்க எது சரியான வழி

பெரு நாட்டின் குஸ்கோ நகரில் மலை நடை என்று வாயைத் திறந்தாலே எல்லோரும் சொல்வது இன்கா பாதையைத்தான். 43 கிலோமீட்டர், நான்கு நாள், முடிவில் இன்காக்களின் பழைய மலைநகரமான மச்சு பிச்சு. அந்தக் கல்படிகளின் அழகில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பாதையில் மக்கள் வாழும் ஊர்கள் முதல் நாளோடு முடிந்துவிடும். சுமை தூக்குவோரையும் சேர்த்து நாளொன்றுக்கு 500 பேருக்குத்தான் அனுமதி என்பதால் மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்ய வேண்டும். பிப்ரவரியில் பாதையை மூடிவிடுவார்கள். சல்கந்தாய் வழிக்கு அந்தக் கெடுபிடி இல்லை. அங்கே பனிமலை கண்ணெதிரே நிற்கும், ஆனால் ஊர்கள் குறைவு. ஆண்டீஸ் மலையின் பூர்வகுடிகளான கெச்சுவா மக்களின் ஊர்கள் வழியாகப் பல நாள் நடப்பதுதான் ஆசை என்றால் மிஞ்சுபவை இரண்டு: லாரெஸ், ஔசங்காதே. முதல் முறை போகிறவர்களுக்கு லாரெஸைத்தான் சொல்வேன். அதற்கு முதல் காரணம் மூச்சு.

லாரெஸ் நடையின் வழக்கமான வடிவம் மூன்று நாள். லாரெஸ் ஊரின் வெந்நீர் ஊற்றிலிருந்து கிளம்பி, வாக்கவாசியில் இரவு தங்கி, 4,400 மீட்டரைத் தொடும் கணவாயைக் கடந்து, பத்தகஞ்சா வழியாக ஒயந்தாய்தம்போவுக்கு இறங்கலாம். அங்கிருந்து மச்சு பிச்சுவுக்கு ரயில் உண்டு. கணவாயில் நிற்பது சிறிது நேரம்தான். தங்கும் இடங்கள் பெரும்பாலும் 4,000 மீட்டருக்குக் கீழே இருப்பதால் இரவில் தூக்கம் வரும்.

ஔசங்காதே வேறு கணக்கு. 6,300 மீட்டரைத் தாண்டும் அந்தப் பனிமலையை ஐந்தாறு நாளில், ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நடந்து வலம்வர வேண்டும். திங்கி என்ற சிற்றூரில் 3,800 மீட்டரில் தொடங்கினால் முதல் இரவே 4,400 மீட்டருக்குப் பக்கத்தில். அதன்பின் கணவாய்கள் வரிசையாக வரும். அவற்றில் இரண்டு கணவாய்கள் 5,000 மீட்டருக்கு மேல். அந்த உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதியைவிடச் சற்றே அதிகம். ஜூன், ஜூலையில் கூடாரத்துக்குள் வைத்த தண்ணீர்கூட விடிவதற்குள் உறைந்துபோகும்.

தலை பிளக்கும் வலியோடும் வாந்தியோடும் ஒரு ஊருக்குள் நுழைகிறவர் அந்த ஊரைப் பார்ப்பதில்லை. ‘சொரோச்சே’ என்று அங்கே சொல்லும் உயர மலை நோய் வந்தால், எதிரே நிற்கும் மனிதரின் வணக்கத்துக்குப் பதில் சொல்லக்கூட மனம் வராது. ஔசங்காதேயில் எனக்கு இரண்டாம் நாள் அப்படித்தான் கழிந்தது. அப்போது ஒரு மூதாட்டி, கம்பளிக்காக வளர்க்கும் அல்பாக்கா என்ற விலங்குகளின் மந்தையை ஓட்டிக்கொண்டே தக்ளி சுற்றி நூல் நூற்றபடி என்னைக் கடந்து போனார். நின்று பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. இன்றுவரை அந்த வருத்தம் எனக்கு உண்டு.

மனிதர்களைப் பொறுத்தவரை இரண்டு வழிகளும் ஒன்றல்ல. லாரெஸ் பக்கம் உருளைக்கிழங்கு வயல்களும் நெருக்கமான வீடுகளும் நெசவும் உண்டு. பத்தகஞ்சாவில் ஒரு பெண் இடுப்புத் தறியை அவிழ்த்து வைத்துவிட்டுச் சாயம் எப்படி எடுப்பது என்று எனக்குக் காட்டினார். சப்பாத்திக் கள்ளியில் வாழும் பூச்சியை உலர்த்தி வைத்திருக்கிறார்கள். மிளகு அளவு சாம்பல் நிற உருண்டை. அதை உள்ளங்கையில் வைத்து விரலால் நசுக்கினார். கை முழுக்க ரத்தச் சிவப்பு. மேலே இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு மாறி ஆரஞ்சு ஆனது. அவர் சிரித்த சிரிப்பில் பெருமை இருந்தது. துணி வாங்குவதானால் இவர்களிடமே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள்.

ஔசங்காதேயில் இந்த அடர்த்தி கிடையாது. உருளைக்கிழங்குகூட அரிதாக விளையும் உயரம் என்பதால் வாழ்வே அல்பாக்காவையும் அதன் இனமான லாமா என்ற விலங்கையும் நம்பித்தான். வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும். அரை நாள் நடந்தால் ஒரு கல் பட்டி, ஒரு புகை, ஒரு நாய். ஆனால் மலையோடு மக்களுக்குள்ள உறவு இங்கே இன்னும் அடர்த்தி. ஔசங்காதே அவர்களுக்கு ‘அப்பு’, காவல் தெய்வம். கணவாயில் எங்கள் குதிரைக்காரர் மூன்று கோகா இலைகளை விசிறிபோல விரலிடையில் பிடித்து, மலையை நோக்கி ஊதி வேண்டிக்கொண்டார்.

ஒரு எச்சரிக்கை. ‘லாரெஸ்’ என்பது ஒரே பாதையின் பெயரல்ல. அந்தப் பள்ளத்தாக்கு வழியாகப் போகும் பல பாதைகளுக்கும் அதே பெயர்தான். என் முதல் பயணத்தை ஏற்பாடு செய்தவர்கள் நடையைச் சுருக்கி, ஒரு முழு ஊரையும் வேன் ஜன்னல் வழியாகவே காட்டினார்கள். பணம் கட்டுமுன் எந்த ஊரில் எத்தனை மணி நேரம், எந்த ஊரில் இரவு, எங்கிருந்து எதுவரை நடந்து போவது என்று ஊர்ப் பெயர்களோடு எழுதி வாங்குங்கள். ஔசங்காதேயில் இந்த ஏமாற்று நடப்பது கடினம். அங்கே திங்கியில் உள்ளூர்க் குதிரைக்காரரையே அமர்த்திக்கொள்ளலாம். வழியில் ஊர்ச் சமூகங்கள் சிறு நுழைவுக் கட்டணம் வாங்கும். பெருவின் பணமான சோலில் சிறு நோட்டுகள் கையில் இருக்கட்டும்.

இரண்டுக்கும் மே முதல் செப்டம்பர் வரை காலம் நல்லது. குஸ்கோ விமான நிலையமே 3,300 மீட்டருக்கு மேல் இருப்பதால், இறங்கிய அன்றே 2,800 மீட்டர் உயரத்திலுள்ள ஒயந்தாய்தம்போவுக்குப் போய் இரண்டு மூன்று இரவு தங்கிவிடுங்கள். உயர நோய்க்கான மாத்திரை பற்றி ஊரிலேயே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலை வேண்டாம். கீன்வா சூப்பும் விதவிதமான உருளைக்கிழங்கும் எங்கும் உண்டு. இரவுப் பனியில் உறையவைத்து, காலால் மிதித்து, வெயிலில் காயவைத்த ‘சுன்யோ’ என்ற உருளைக்கிழங்கு வற்றலைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.

பன்னிரண்டு நாள் கையில் இருந்தால் நான் தேர்வே செய்யமாட்டேன். முதலில் லாரெஸில் உடம்பைப் பழக்கிவிட்டு, இரண்டு நாள் ஓய்வெடுத்து, பிறகு ஔசங்காதே. ஒரு வாரம்தான் என்றால் லாரெஸ் மட்டும்.

கிளம்புமுன் பத்து கெச்சுவாச் சொற்களாவது படியுங்கள். தமிழருக்கு அந்த மொழி அந்நியமாகப் படாது. வீடு என்பது ‘வாசி’, என் வீடு ‘வாசிய்’, என் வீட்டில் ‘வாசிய்பி’. நம்மைப் போலவே சொல்லின் வாலில் உருபை ஒட்டிக்கொண்டே போவார்கள். கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’ அவர்களுக்கு ‘ஞோக்கஞ்சிஸ்’. கேட்பவரை விட்டுவிடும் ‘நாங்கள்’ ‘ஞோக்காய்க்கு’. வாக்கவாசியில் அடுப்படியில் உட்கார்ந்திருந்தபோது வீட்டுக்கார அம்மாள் கிழங்குத் தட்டை என் பக்கம் தள்ளி, சாப்பிடலாம் என்று சொன்ன வாக்கியத்தில் முதல் சொல் எனக்குப் புரிந்தது. அது ஞோக்கஞ்சிஸ்.