நடைபாதையும் கடைவாசலும்: பெருந்தொற்றுக் காலத்தில் சென்னைக்கு முன் இருந்த வழிகள்

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்ற உத்தரவை வீடே இல்லாதவர் எப்படிக் கடைப்பிடிப்பது என்ற கேள்வி சென்னையின் முன் நின்றது. நடைபாதையில் வாழ்வோரைப் பள்ளிகளிலும் சமுதாய நலக்கூடங்களிலும் தங்கவைப்பது ஒரு வழி. அவரவர் இடத்திலேயே இருக்கவிட்டு உணவை எட்டச் செய்வது மற்றொரு வழி.

காப்பகத்தில் கூரையும், வேளைக்கு உணவும், மருத்துவப் பரிசோதனையும் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் பிராட்வே நடைபாதையில் வாழும் குடும்பம் ஒன்றின் உடைமைகளைப் பாருங்கள்: கடையின் இரும்புக் கிராதியோடு சங்கிலியிட்டுப் பூட்டிய தகரப் பெட்டி, இரண்டு பிளாஸ்டிக் குடங்கள், சுருட்டி வைத்த தார்ப்பாய். காவலுக்கு ஆளில்லாமல் இவற்றை விட்டுப்போக யாருக்கும் மனம் வராது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் என்றால் குடும்பமும் பிரிய நேரும். தொற்று பரவும் வேளையில் ஒரே கூடத்தில் நெருக்கமாகப் படுக்கவைப்பதும் ஆபத்தே.

இரண்டாவது வழிக்குச் சென்னையிடம் ஆயத்தமான அடித்தளம் இருந்தது. 2013 முதல் ஒரு ரூபாய்க்கு இட்லியும் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் தரும் அம்மா உணவகங்களில், 2020 ஜூன் மாதத் தீவிர ஊரடங்கின்போது உணவு இலவசமாகவே வழங்கப்பட்டது. எனினும் வயிறு நிறைந்தால் போதாது. டீக்கடையில் கேட்டு வாங்கும் தண்ணீர், வாசல் பெருக்கியதற்குக் கடைக்காரர் தரும் சில்லறை, அந்தச் சில்லறையைக் கொண்டு போகும் கட்டணக் கழிப்பிடம் ஆகியவைதான் நடைபாதை வாழ்வைத் தாங்குகின்றன. கடையின் ஷட்டர் இறங்கினால் இவை அனைத்தும் சேர்ந்தே போய்விடும். கடைகளைப் பற்றிய முடிவையும் வீடற்றோரைப் பற்றிய முடிவையும் இரு வேறு கோப்புகளில் வைத்துப் பார்ப்பதுதான் பெரும் பிழை என்பது என் உறுதியான எண்ணம்.

கோயம்பேடு சந்தை இதற்குச் சான்று. இன்னும் கடுமையான முழு ஊரடங்கு வருகிறது என்றதும் ஏப்ரல் 25 அன்று அங்கே கூட்டம் அலைமோதியது. மே 5 அன்று சந்தை மூடப்பட்டு, காய்கறி வியாபாரம் திருமழிசைக்கும் பூ, பழ வியாபாரம் மாதவரத்துக்கும் மாற்றப்பட்டன. அங்கிருந்து தொற்று பல மாவட்டங்களுக்குப் பரவிய நிலையில், மூடியதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் சில்லறை வியாபாரத்தை முன்னதாகவே பல மைதானங்களுக்குப் பிரித்து, நேரம் ஒதுக்கி நடத்தியிருந்தால் நெரிசல் குறைந்திருக்கும். சந்தைக்குள்ளேயே மூட்டை சுமந்து, அங்கேயே படுத்துறங்கிய தொழிலாளிக்கு அந்த ஒரே உத்தரவில் வேலையும் படுக்கையும் போயின. செப்டம்பர் 28 அன்று காய்கறிச் சந்தை மீண்டும் திறக்கும் வரை அவர் எங்கே உறங்குவார் என்பதும் அந்த உத்தரவிலேயே இடம்பெற்றிருக்க வேண்டும்.

உதவித்தொகையிலும் இதே இடைவெளி இருந்தது. அரிசி அட்டைக்கு வழங்கிய 1,000 ரூபாய், அட்டை இல்லாதவருக்குக் கிடைக்கவில்லை. சாலையோர வியாபாரிகளுக்கு 2020-இல் அறிவிக்கப்பட்ட 10,000 ரூபாய்க் கடன், கடை திறக்கும் நாளில் கைகொடுக்கும். மூடிக் கிடக்கும் நாளில் அது சுமைதான்.

வீடற்றோரைத் தங்கவைக்கும் வழிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், தொலைவிலுள்ள பெரிய கூடங்களைவிட, சந்தைக்கும் கடைத்தெருவுக்கும் அருகிலேயே குடும்பத்தோடு தங்கக்கூடிய சிறு காப்பகங்களையே தேர்ந்தெடுப்பேன். தகரப் பெட்டியைப் பூட்டி வைக்க ஓர் இடமும் இரவும் பகலும் தண்ணீர் வரும் ஒரு குழாயும் அங்கே கட்டாயம் இருக்க வேண்டும்.