பாகாயம் மறுவாழ்வு நிலையம்: மரத்திலிருந்து விழுந்தவரோடு மூன்று மாதம்

முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்திருப்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், நாளைக் கடத்தாமல் வேலூர் சி.எம்.சி.யின் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) பாகாயம் மறுவாழ்வு நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். எனக்கு இது ஏழு வாரம் தாமதமாகத் தெரிந்தது. அதனால்தான் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் தென்னை ஏறுபவர். போளூர் பக்கத்தில் ஒரு கிராமம். சென்ற ஆண்டு ஆடியில் மழை விட்ட காலை, ஈர மரத்தில் கால் வழுக்கி விழுந்தார். அறுவைச் சிகிச்சை வேறோர் இடத்தில் நடந்தது, பெயர் வேண்டாம். எலும்புக்குக் கம்பி வைத்துவிட்டுப் பதினோராம் நாள், "இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒரு மாதத்துக்குள் அவருடைய இடுப்பின் பின்புறம் என் உள்ளங்கை அகலத்துக்குப் புண். அவருக்கு வலியே இல்லை. நாற்றம் வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. நான் அங்கன்வாடியில் வேலை செய்கிறவள். முப்பது குழந்தைகளுக்கு எடை பார்த்துக் குறித்து வைக்கிறவள், என் வீட்டுக்காரரின் முதுகைத் திருப்பிப் பார்க்கவில்லையே என்று அன்று அழுதேன். எங்கள் கிராம சுகாதாரச் செவிலியர்தான் சி.எம்.சி.க்குப் போகச் சொன்னார்.

முதலில் தோட்டப்பாளையத்திலுள்ள பெரிய ஆஸ்பத்திரியில் பதிவு செய்தோம். அங்கே கொடுக்கும் எண் ஒன்றுதான். எந்தப் பிரிவுக்குப் போனாலும் அதைத்தான் கேட்பார்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் 1900இல் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனை அது. 1918இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். இன்று அந்தத் தெருவில் நடந்தால் லாட்ஜ் பலகைகளில் வங்காள எழுத்தும் இந்தி எழுத்தும்தான் கண்ணில் படும். ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். புண் ஆறத் தொடங்கியதும் பாகாயத்துக்கு மாற்றினார்கள்.

பாகாயம் எங்கள் பக்கத்துப் பஸ் போகும் வழிதான். வேலூருக்குள் நுழைவதற்கு முன்பே வந்துவிடும். ரயிலில் வருகிறவர்களுக்குக் காட்பாடியிலிருந்து டவுன் பஸ் இருக்கிறது. மருத்துவக் கல்லூரியும் அந்தப் பக்கம்தான். அதனால் மறுவாழ்வு நிலையத்தில் எந்த நேரமும் மாணவர்கள் நடமாட்டம் இருக்கும்.

முதல் வாரம் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது இந்த மாணவர்கள்தான். எப்படி விழுந்தார், எத்தனை அடி, கீழே மண்ணா கல்லா, விழுந்ததும் கால் அசைந்ததா, யார் தூக்கினார்கள் என்று ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். நாலாவதாக வந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். "அக்கா, அண்ணாவை எப்படி வண்டியில் ஏற்றினீர்கள்?" என்றாள். சொன்னேன். இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்து உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஷேர் ஆட்டோவின் பின் இருக்கையில் மடக்கிப் படுக்க வைத்தோம். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "விழுந்தவரை மடக்காமல் பலகையில் கிடத்தித் தூக்க வேண்டும் அக்கா. முறிந்த எலும்பு அசைந்தால் உள்ளே இருக்கிற தண்டுவடம் இன்னும் நசுங்கும்" என்று மெதுவாகச் சொன்னாள். எங்களால்தான் கால் போயிற்றா என்று கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது, விழுந்தபோதே போயிருக்கலாம் என்றாள். அந்தப் பெண் பொய் சொல்லாமலும் என்னை நோகடிக்காமலும் பேசிய விதத்தை நான் மறக்க மாட்டேன்.

அந்த நிலையம் எப்படி வந்தது என்று ஒரு செவிலியர் சொல்லக் கேட்டேன். டாக்டர் மேரி வர்கீஸ் கேரளத்துக்காரர், வேலூரிலேயே படித்தவர். 1954இல் ஒரு வாகன விபத்தில் அவருடைய முதுகெலும்பே முறிந்து இரண்டு காலும் செயலிழந்துவிட்டன. அதன்பிறகும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்திருக்கிறார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் இந்த நிலையம் அவரால் உருவானது. அதைக் கேட்ட அன்று என் கணவர் சாப்பாட்டுத் தட்டைத் தானே வாங்கிக்கொண்டார்; அதுவரை நான்தான் ஊட்டிக்கொண்டிருந்தேன். கைக்கு ஒன்றுமில்லை, மனசுதான் படுத்துவிட்டிருந்தது.

மேரி வர்கீஸுக்கு அந்த அறுவையைக் கற்றுக்கொடுத்தவர் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி விழுகிறது என்றுதான் அந்தக் காலத்தில் எல்லோரும் நினைத்தார்கள். அவர் வேலூரில் நோயாளிகளை வருடக்கணக்காகக் கவனித்து, உணர்வு செத்துப்போவதால்தான் சூடும் வெட்டும் தெரியாமல் கை சிதைகிறது என்று கண்டறிந்தார். இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், எங்களுக்கு நடந்த முதல் பாடமே அதுதான். வலி தெரியாத உடம்பை வலிக்குப் பதிலாகக் கண் காவல் காக்க வேண்டும். கைப்பிடி வைத்த ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். தினம் இரண்டு வேளை, என் கணவர் ஒருக்களித்துப் படுத்து, கண்ணாடியைப் பின்னால் பிடித்து, இடுப்பு, உட்காரும் எலும்பு, குதிகால் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் அந்தப் பக்கம் பாரம் போடக் கூடாது. படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரள வேண்டும். சக்கர நாற்காலியில் கால் மணிக்கு ஒருமுறை கையை ஊன்றி இடுப்பைத் தூக்க வேண்டும். பக்கத்துக் கட்டில் ஜார்க்கண்ட் அக்காவுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. இரவில் யாருக்கு முதலில் விழிப்பு வந்தாலும் மற்றவளின் தோளைத் தட்டி இரண்டு விரலைக் காட்டுவோம். இரண்டு மணி நேரம் ஆயிற்று, புரட்டு என்று அர்த்தம்.

சிறுநீர்ப் பாடம் எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் உயிரைக் காப்பது அதுதான். முதுகெலும்பு அடிபட்டவர்கள் முன்பெல்லாம் சிறுநீரகம் கெட்டுத்தான் இறந்தார்களாம். சோப்புப் போட்டுக் கை கழுவி, நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாயைத் தானே செலுத்தி வடித்து, அளந்து, நோட்டில் எழுத வேண்டும். எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்பதும் அதே நோட்டில். என் கணவர் பத்தே நாளில் பழகிக்கொண்டார்.

உடற்பயிற்சிக் கூடத்தில்தான் அவருக்கு முகம் தெளிந்தது. முதல் நாள் சாய்வு மேசையில் படுக்க வைத்துக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார்கள். பாதி நிமிர்வதற்குள் கண் இருட்டிவிட்டது. நெடுநாள் படுத்தவருக்கு ரத்தம் காலில் இறங்கிவிடும், பயப்படாதீர்கள் என்றார்கள். ஒரு வாரத்தில் நேராக நின்றார். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அவரை நான் என் கண்ணுக்கு மேலே நிமிர்ந்து பார்த்தேன்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்குப் பலகை வழியாக நகரும் பயிற்சியை மற்றவர்கள் பல நாள் பழகினார்கள். இவர் இரண்டாம் நாளே செய்தார். மரம் ஏறிய தோளும் கையும் ஆயிற்றே. அங்கே பயிற்சிக்கு வந்திருந்த மாணவத் தம்பிகள் சுற்றி நின்று, மரம் ஏறும்போது காலில் மாட்டும் தளைக்கயிறு எப்படிக் கட்டுவது, பாரம் எங்கே விழும், இறங்கும்போது எந்தக் கை முதலில் என்றெல்லாம் கேட்டார்கள். ஒருவன் துணிப்பட்டை கொண்டுவந்து கொடுத்தான். இவர் அந்தத் தளையைக் கட்டிக் காட்டினார். மூத்த டாக்டர் ஒருவர் வந்து பின்னால் நின்று முழுவதும் பார்த்தார். பிறகு மாணவர்களிடம், இவருடைய தோள் பலத்தை வைத்தே மீதிப் பயிற்சியைத் திட்டமிடுங்கள் என்றார். படிக்கிற பிள்ளைகள் இருக்கும் இடத்தில் நோயாளிக்கு இப்படி ஒரு லாபம் உண்டு. அவர்களுக்குக் கேட்கப் பொறுமை இருக்கிறது, கேட்டதை எழுதுகிறார்கள், எழுதியதைப் பெரியவர்கள் திருத்துகிறார்கள்.

போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். அங்கே போனால் நடந்துவிடுவார் என்று யாரும் வாக்குக் கொடுக்க மாட்டார்கள். என் கணவர் இடுப்பிலிருந்து பாதம் வரை காலிப்பர் என்கிற தாங்குகம்பி மாட்டி, இணைக் கம்பிகளைப் பிடித்து நிற்கிறார், நாலடி வைக்கிறார், அவ்வளவுதான். வீட்டு வேலை, சம்பளம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒருவர் கூடவே இருக்க வேண்டும், ஏனென்றால் பாதிப் பாடம் கூட இருப்பவருக்குத்தான். செலவைப் பற்றிக் கேட்பீர்கள். ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும் என்பதால் தொகை எழுதவில்லை. எங்கள் வீட்டு நிலவரத்தைச் சமூகப் பணியாளர் உட்கார வைத்துக் கேட்டார். கட்டணத்தில் ஒரு பகுதியைக் குறைத்தார்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு என்னென்ன தாள் வேண்டும் என்பதையும் அவரே எழுதிக் கொடுத்தார். பழைய ஸ்கேன் படங்களையும் டிஸ்சார்ஜ் தாளையும் மறக்காமல் கொண்டுபோங்கள். பருத்தித் துணியே எடுத்துப் போங்கள். பின்பக்கம் பை, பட்டன், தடித்த தையல் இருக்கும் கால்சட்டை வேண்டவே வேண்டாம், அந்தத் தையலே புண்ணாக்கிவிடும்.

வீட்டு வாசலின் மூன்று படிகளை எப்படிச் சாய்தளமாக்குவது, கழிவறைக் கதவு எவ்வளவு அகலம் வேண்டும் என்று படம் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்ற கணக்கு. எங்கள் கொத்தனாருக்கு முதலில் நம்பிக்கை இல்லை, வாசலை அடைக்கிறதே என்றார். கட்டி முடித்து, இவர் தானே நாற்காலியை உருட்டிக்கொண்டு ஏறியதைப் பார்த்த பிறகு கூலியில் நூறு ரூபாய் குறைத்துக்கொண்டார்.

இப்போது பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் தோப்புத் தோப்பாகப் போய்த் தேங்காய்க்கு விலை பேசிக் கொடுக்கிறார். காய் முற்றியதா என்பதைக் கீழே இருந்தே சொல்லிவிடுவார். ஏறுகிற பையன்களிடம், விழுந்தவனை எப்படித் தூக்க வேண்டும் என்பதையும் சொல்லித் தருகிறார். உட்கார வைக்காதே, தண்ணீர் கொடுக்காதே, தலையும் கழுத்தும் உடம்பும் ஒரே கோட்டில் இருக்கட்டும், நாலு பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் பலகைக்கு மாற்று, 108க்குப் போன் செய். எங்கள் ஊர் டீக்கடைச் சுவரில் ஆறடிப் பலகை ஒன்று சாய்ந்திருக்கிறது. எங்கள் வீட்டுப் பழைய கதவு அது. கழிவறையை அகலப்படுத்தியபோது கழற்றியது. அதன்மேல் யாரும் உட்காரக் கூடாது என்று டீக்கடைக்காரர் சுண்ணாம்பால் எழுதி வைத்திருக்கிறார்.